கேஷியர் போட்ட ஏழு

சென்னையில் நாணயக் கண்காட்சி என்றால் டீச்சர் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுவார். கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒரு நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது. அப்படிப் போன ஒரு காலையில், கடைக்காரர் நீட்டிய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவரின் கை ஒரு பத்து ரூபாய் நோட்டில் நின்றது. பின்பக்கம் பாய்மரக் கப்பல் போட்ட பழைய நோட்டு. மடிப்பு அதிகமில்லை. முன்பக்கம், வாட்டர்மார்க்குக்காக விட்டிருக்கும் வெள்ளை இடத்தில் பென்சிலால் 17 என்று எழுதியிருந்தது. ஏழின் இடுப்பில் குறுக்காக ஒரு சின்னக் கோடு.

"அது ஒண்ணுமில்ல டீச்சர், ரப்பர் போட்டா போயிடும்" என்றார் கடைக்காரர்.

டீச்சரால் அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவசரத்தில் ஒன்று எது, ஏழு எது என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காகக் கேஷியர்கள் பலர் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார்கள். அவருடைய அப்பாவும் அப்படித்தான். பால் கணக்கிலிருந்து பிள்ளைகளின் மார்க்கைக் கூட்டிப் பார்ப்பது வரை, அப்பா எழுதிய ஏழுகளெல்லாம் அரைஞாண் கட்டிக்கொண்டே நிற்கும்.

அப்பா கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில்தான் வங்கி. கதவு சாத்தியிருந்தாலும் வாட்ச்மேன் தாத்தா உள்ளே விட்டுவிடுவார். கம்பிவலை அடித்த கூண்டுக்குள் உட்கார்ந்து அப்பா எண்ணிக்கொண்டிருப்பார். இடது கை நோட்டை வளைத்துப் பிடித்திருக்க, வலது கை விரல் தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்சைத் தொட்டுத் தொட்டு வரும். சரசரவென்று ஒரே சீராக ஓடும் அந்தச் சத்தம். நடுவில் யார் கூப்பிட்டாலும் அப்பா நிமிர மாட்டார். நூறு முடிந்த பிறகுதான், "என்ன பாப்பா?" என்பார்.

நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல். கட்டுக்குச் சேராத உதிரி நோட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டு, எத்தனை இருக்கிறது என்று மேல் நோட்டிலேயே எழுதிவிடுவார்கள். காதில் செருகியிருக்கும் பென்சில் அதற்குத்தான். எழுத வாகான இடம் அந்த வெள்ளை இடம். ஊர் ஊராக, கிளை கிளையாக, சாயங்கால வேளைகளில் நடந்த வேலை இது. பழைய இந்திய நோட்டுகளைச் சேர்ப்பவர்களின் ஆல்பத்தில் இத்தனை பென்சில் எண்கள் தென்படுவதற்கு அந்தச் சாயங்காலங்கள்தான் காரணம்.

பேனாவால் ஏன் எழுதவில்லை என்று ஒரு நாள் கேட்டதற்கு அப்பா, "நோட்டு நம்மது இல்லம்மா. நாளைக்கு வேற கட்டுல போகும், வேற கணக்கு வரும். நாம எழுதினது அதுக்குள்ள அழியணும்" என்றார்.

பென்சிலோடு இன்னொரு வடுவும் சேர்ந்தே வரும். கட்டின் ஓரத்தில் அடித்த ஸ்டேப்ளர் பின்னின் ஓட்டை. புதுக் கட்டைப் பிரிக்கவே குறடு வேண்டியிருக்கும். பிரிக்கும்போது இரண்டு மூன்று நோட்டாவது கிழியும். ரிசர்வ் வங்கி 1999இல் தூய நோட்டுக் கொள்கையை அறிவித்தது. 2001இல், நோட்டுக் கட்டுக்குப் பின் அடிக்கவே கூடாது, காகிதப் பட்டைதான் சுற்ற வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. வாட்டர்மார்க் இடத்தில் எழுதாதீர்கள் என்ற வேண்டுகோளும் அந்தக் கொள்கையைச் சேர்ந்ததுதான். அதற்கு முந்தைய காலத்து நோட்டு ஒன்று ஓட்டையில்லாமல் கிடைத்தால் டீச்சர் இன்றைக்கும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓட்டையை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பென்சிலை ஏதாவது செய்யலாம் என்று தோன்றும். அதனால்தான் அதில் கைவைக்க எல்லோருக்கும் ஆசை வருகிறது.

வீட்டில் இதற்கெல்லாம் சேகரிப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்பா ஒரு ரூபாய் சலவை நோட்டுக் கட்டு மாற்றிக்கொண்டு வருவார். மொறமொறவென்று, அச்சு மையின் வாசனையோடு, எண் வரிசை கலையாமல் இருக்கும். பாட்டி அதை ஒவ்வொன்றாக உருவி, பேரன் பேத்திகள் கையில் கொடுப்பதற்கு முன்னால் மூலையில் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். பிற்பாடு உன்னுது என்னுது என்று சண்டை வரக் கூடாதாம். பாட்டியின் விரலில் ஒட்டிய மஞ்சளும் சேர்ந்தே பதிந்துவிடும். தெருமுனை மளிகைக்கடைக்காரர் முதல் போணி நோட்டில் பிள்ளையார் சுழி போட்டுக் கல்லாவில் தனியாக எடுத்து வைப்பார். மொய்க்கு ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று வைப்பதற்கும் அந்த ஒற்றை ரூபாய் நோட்டுதான். 1994இல் அதை அச்சடிப்பது நின்றுபோனது. பிறகு, நாணயத்தையே மேலே ஒட்டி வைத்த மொய்க் கவர்கள் கடைகளில் தொங்க ஆரம்பித்தன. 2015இல் ஒரு ரூபாய் நோட்டு மறுபடியும் வந்தது. கவரில் ஒட்டிய நாணயம் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

நோட்டை எப்படிப் பார்ப்பது என்று டீச்சர் கற்றுக்கொண்டது மூர் மார்க்கெட்டில். கல்லூரிப் படிப்புக்குச் சென்னை வந்த புதிது. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியிருந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, காசு, ஸ்டாம்பு என்று எதைத் தேடினாலும் கிடைக்கும். பழைய நோட்டு விற்ற ஒரு பாய் அங்கே இருந்தார். வாங்க வக்கில்லாத கல்லூரிப் பெண்ணுக்கும் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லும் மனிதர். நோட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன டார்ச்சைக் கொடுப்பார்.

"மேலேர்ந்து அடிக்காத தங்கச்சி. பக்கவாட்டுல சாய்ச்சு அடி."

மேலிருந்து அடித்தால் தெரிவது பென்சிலின் கறுப்பு. பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அது காகிதத்தில் உழுதிருக்கும் பள்ளம் தெரியும். கறுப்பு போகும், பள்ளம் போகாது என்பார் பாய். கூர்மையான கெட்டிப் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தால் அதை அழித்துப் பயனில்லை. எண் போன பிறகும் அதன் தடம் அப்படியே நிற்கும். வாங்குகிறவருக்கு, இதில் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். மெதுவாக ஓடிய மிருதுவான பென்சில் என்றால் வேலை எளிது. பாயே தன் கொள்முதல் விலையை நோட்டின் பின் மூலையில் எழுத்துக் குறியாக எழுதி வைப்பார். தூசி விழுந்த மாதிரி இருக்கும், பள்ளம் விழாது. 1985இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. பாயை அதன்பின் அங்கே காணவில்லை. அவருடைய குறி இருக்கும் இரண்டு நோட்டுகள் டீச்சரிடம் இன்னும் இருக்கின்றன.

பென்சில் எழுத்து ஏன் அழிகிறது என்பதைப் பள்ளியில் அவரே பல வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறார். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். கிராஃபைட் என்பது கரியின் ஒரு வடிவம். ஏடு ஏடாக அடுக்கியது. காகிதத்தில் உரசும்போது ஏடுகள் வழுக்கிக்கொண்டு வந்து இழைகளின் மேடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. மை மாதிரி உள்ளே ஊறுவதில்லை. தண்ணீரிலும் கரையாது, ஸ்பிரிட்டிலும் கரையாது. ஆகவே நோட்டை நனைத்துப் பென்சிலை எடுக்க நினைப்பது வீண் வேலை. காகிதத்தை விடத் தன்னிடம் அதிகமாக ஒட்டவைத்துக்கொள்ளும் ஒரு பொருள் வேண்டும், அவ்வளவுதான். முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் அதற்கு ரொட்டித் துணுக்கைப் பயன்படுத்தினார்கள். 1770இல் ஜோசப் ப்ரீஸ்ட்லி, ஆக்சிஜன் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற அதே ப்ரீஸ்ட்லிதான், ஓவியம் வரைவது பற்றிய தன் புத்தகத்தில், மரப்பாலில் செய்த ஒரு பொருள் பென்சில் கோட்டை அருமையாக எடுக்கிறது என்று குறிப்பிட்டார். லண்டனில் கருவிகள் செய்து விற்ற எட்வர்ட் நெய்ர்ன் அதைச் சின்னச் சின்னக் கட்டிகளாக விற்றார்.

இன்றைக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் எல்லா ரப்பரும் நோட்டுக்கு ஆகாது. சிவப்பு ரப்பரில் உரசுவதற்கென்றே நுண்ணிய கல்தூள் கலந்திருக்கும். அது பென்சிலோடு காகிதத்தின் மேல் தோலையும் சேர்த்து எடுத்துவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கும் வாசனை ரப்பர், கலர் ரப்பர் பக்கமே போகக் கூடாது, சாயம் இறங்கும். டீச்சர் வைத்திருப்பது இரண்டே வகை. ஓவியர்கள் பிசைந்து பயன்படுத்தும் சாம்பல் நிறக் களிமண் மாதிரியான ரப்பர் ஒன்று. மிருதுவான வெள்ளை பிளாஸ்டிக் ரப்பர் ஒன்று.

அந்தப் பதினேழை அவர் அழிக்கத்தான் செய்தார்.

முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். மேஜையில் கண்ணாடிப் பலகை, அதன் மேல் சுத்தமான மை ஒற்றும் தாள், அதன் மேல் நோட்டு. கையை சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்த்தியாயிற்று. டார்ச் சாய்த்துப் பார்த்ததில் பள்ளம் இல்லை. களிமண் ரப்பரைப் பிசைந்து நுனியைக் கூராக்கி, எண்ணின் மேல் வைத்து அழுத்தி எடுத்தார். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுப்பதுதான். ஒவ்வொரு தடவையும் ரப்பரின் நுனியில் கொஞ்சம் கருமை ஏறும். அதை உள்ளே மடித்துப் பிசைந்து புது நுனி எடுப்பார். கோடு பாதிக்கு மேல் வெளுத்த பிறகே வெள்ளை ரப்பர். அதையும் பிளேடால் ஆப்பு மாதிரிச் சீவி, இடது கை விரல் இரண்டால் நோட்டை மிக அருகில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில், உள்ளிருந்து ஓரத்தை நோக்கி, குட்டையான இழுப்புகள். முன்னும் பின்னும் தேய்த்தால் நோட்டு ஒரு நொடியில் சுருங்கி மடிந்துவிடும். துகளைக் கையால் தட்டாமல் மெல்லிய பிரஷ்ஷால் தள்ளினார். துகள் நோட்டின் மேல் தங்கி ஆல்பத்துக்குள் போனால், அதிலுள்ள எண்ணெய்ப் பசை நாளடைவில் கறையாகும். இத்தனையும் வெள்ளை இடத்துக்குள் மட்டும். பக்கத்தில் இருக்கும் அச்சின் மேல் ரப்பர் ஏறவே கூடாது. நோட்டின் முக்கியமான அச்சு தாளின் மேல் மேடாக நிற்பது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் தெரியும். அந்த மேடு ஒரு முறை மழுங்கினால் மழுங்கியதுதான். வரிசை எண்ணின் மை அதைவிட மோசம், லேசாக உரசினாலே இழுகும்.

ஏழின் குறுக்குக் கோடு கடைசியில் போனது. அழிப்பதில் அவருக்கு மனச்சங்கடம் ஏதும் இல்லை. அழியட்டும் என்றுதான் யாரோ ஒரு கேஷியர் பென்சிலால் எழுதினார். அந்த வேலையை முடித்துவைத்த திருப்திதான் இருந்தது.

எல்லாப் பென்சிலும் இப்படிச் சாதுவாக இருப்பதில்லை. தபால் ஆபீஸ், ரயில்வே, வங்கி எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் காப்பியிங் பென்சில் என்று ஒன்று புழங்கியது. பார்க்கச் சாதாரணப் பென்சில்தான். கிராஃபைட்டோடு ஊதாச் சாயம் கலந்திருக்கும்; எச்சில் தொட்டு எழுதினால் மை மாதிரி ஊதாவாக மாறி, அழியாத எழுத்தாகிவிடும். எழுதுவதற்கு முன் நுனியை நாக்கில் தொட்டு உதடெல்லாம் ஊதாவாகித் திரிந்த குமாஸ்தாக்களை டீச்சருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தப் பென்சிலால் எழுதிய குறி ஒன்றை, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஐந்து ரூபாய் நோட்டில் பார்த்த நண்பர் ஒருவர், ஈரத் துணியால் லேசாகத் துடைத்தால் போகும் என்று நினைத்துவிட்டார். ரிசர்வ் வங்கி தன் பெயரில் முதன்முதலாக 1938 ஜனவரியில் வெளியிட்டது அந்த ஐந்து ரூபாய் வகைதான். துணி பட்ட மாத்திரத்தில் சாம்பல் நிறக் கோடு ஊதாப் பூவாக விரிந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஊதாப் பொடிகள் தெரிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் தொடாமல் விட்டுவிடுவது ஒன்றே வழி. மூச்சுக் காற்றின் ஈரம்கூட அதற்குப் போதும்.

நனைப்பவர்கள் இன்னும் குறையவில்லை. அழுக்கு நோட்டை சோப்புத்தூள் தண்ணீரில் அலசி, இரண்டு துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டு, புதுசு மாதிரி இருக்கிறது என்று விற்கிறார்கள். நோட்டுத் தாள் பருத்தி இழையில் செய்தது, அதனால் தண்ணீரைத் தாங்கும் என்று ஒரு சமாதானமும் சொல்வார்கள். தாங்கும், உண்மைதான். ஆனால் தாளுக்கு விறைப்பைக் கொடுக்கும் பசை கரைந்து போகும். அலசிய நோட்டை ஒரு முனையில் பிடித்தால் துணி மாதிரித் துவண்டு தொங்கும். புற ஊதா விளக்கு இன்னும் காட்டிக்கொடுக்கும். நல்ல நோட்டுத் தாள் அந்த விளக்கில் மங்கலாகவே கிடக்கும். சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டி ஏறிய நோட்டு நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். 1961இல் தொடங்கிய சர்வதேச வங்கி நோட்டுச் சங்கத்தின் தர வழிகாட்டியும், கழுவுவதும் அழுத்தித் தேய்த்து நிமிர்த்துவதும் நோட்டின் தரத்தைக் குறைக்கும் என்றே எச்சரிக்கிறது. எழுபது புள்ளி அளவில் தரம் போடும் பிஎம்ஜி போன்ற அமெரிக்க நிறுவனங்களுக்கு நோட்டை அனுப்பினால், பென்சில் குறிப்பையும் பின் ஓட்டையையும் சான்றட்டையில் குறிப்பிடுவார்கள். கழுவியிருந்தால் அதையும் கண்டுபிடித்து எழுதிவிடுவார்கள். பென்சிலோடு இருக்கும் நோட்டுக்கு ஒரு குறைதான். தப்பாக அழித்த நோட்டுக்கு இரண்டு குறை.

டீச்சர் ரப்பரைத் தூரமாக வைத்துவிடும் நோட்டுகளும் உண்டு. தொடக்க காலத்துப் பிரிட்டிஷ் இந்திய நோட்டுகளில் அச்சு ஒரு பக்கம்தான்; பின்பக்கம் வெறும் வெள்ளை. சென்னை வட்டத்தில் வெளியான நோட்டு அந்த வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும் என்ற நிலை. பர்மா நீங்கலாக எல்லா இடத்திலும் செல்லும் என்று ஐந்து ரூபாய் நோட்டுக்குச் சலுகை வந்ததே 1903இல்தான். கை மாறும்போது வாங்கியவர் கொடுத்தவரின் பெயரையோ ஊரையோ பின்னால் எழுதிக்கொள்வார். நோட்டு யார் யாரிடம் போய் வந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். இரண்டாம் உலகப் போரின்போது விமானத்திலும் கப்பலிலும் போன படைவீரர்கள், போன நாட்டு நோட்டுகளில் கூட இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். 'ஷார்ட் ஸ்னார்ட்டர்' என்று பெயர். இந்திய ஒரு ரூபாய் நோட்டுகளும் அந்தச் சுருளில் அகப்படும். அதன் மேல் ரப்பர் வைக்க யாருக்கு மனம் வரும்?

தங்கை மகனுக்கு அப்படியெல்லாம் தயக்கம் கிடையாது. அவனும் சேகரிக்கிறான், இந்தத் தலைமுறைக்கே உரிய வேகத்தோடு. எந்த நோட்டைப் பார்த்தாலும் எத்தனை புள்ளி வரும் என்பதுதான் முதல் கேள்வி. டீச்சரின் பெட்டியில் இருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஒரு ரூபாய் நோட்டின் மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண். முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, வெள்ளி ரூபாய்க்குப் பதிலாக 1917 நவம்பர் 30 அன்று வெளியான வகை. முன்னால் ராஜாவின் தலை போட்ட நாணயத்தின் படம். பின்னால் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் ஒரு ரூபாய் என்று எழுதியிருக்கும். நோட்டு அடிக்கும் செலவு கட்டுப்படியாகாமல் 1926 ஜனவரி முதல் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். டீச்சரிடம் இருக்கும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிகள். ஏதோ கிறுக்கல் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

"பெரியம்மா, பள்ளமே இல்ல. ஒத்தி எடுத்தா போயிடும். நானே பண்றேன்" என்று லென்ஸும் ரப்பருமாக உட்கார்ந்துவிட்டான்.

"பண்ணு. அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு சொல்லிட்டுப் பண்ணு."

அவன் தாளில் அதைப் பெரிதாக வரைந்து பார்த்தான். தலைகீழாகத் திருப்பினான். போனில் தேடினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான், அது தமிழ் எண் என்று அவனுக்குப் பிடிபட்டது. ௨, ௰, ௫. இரண்டு, பத்து, ஐந்து. பழைய முறையில் இருபத்தைந்து.

"ஒரு ரூபா நோட்டுல எதுக்கு இருபத்தஞ்சு?"

டீச்சர் நோட்டின் இடது ஓரத்தைக் காட்டினார். மற்ற மூன்று ஓரமும் நேராக இருக்க, அது மட்டும் பிசிறாக, எதிலிருந்தோ கிழித்த மாதிரி இருந்தது. அந்த நோட்டுகள் இங்கிலாந்தில் அச்சாகி, செக் புத்தகம் மாதிரி இருபத்தைந்து இருபத்தைந்தாகத் தைத்து வந்தவை. யாரோ ஒருவர் ஒரு புத்தகத்தை எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று மேல் நோட்டில் தமிழில் கணக்கு எழுதியிருக்கிறார்.

"அப்ப இது முதல் நோட்டா பெரியம்மா?" என்றான், ரப்பரைக் கீழே வைத்துவிட்டு. வரிசை எண்ணைப் படிக்க லென்ஸை மறுபடியும் எடுத்துக்கொண்டான்.